ரொறன்ரோ கல்விச் சபை: ட்ரஸ்டியின் கையில் என்ன இருக்கு, எதை முதலில் கேட்க வேணும்?

#1 மோர்னிங்சைட்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். மாநகரசபைத் தேர்தல் வாக்குச்சீட்டில் மேயருக்கும் கவுன்சிலருக்கும் கீழே ட்ரஸ்டி எனப்படும் கல்விச் சபை அங்கத்தவருக்கு ஒரு பட்டியல் வரும். எங்கட ஆக்கள் கனபேர் அதில யாரெண்டு தெரியாமலே புள்ளடி போடுகினம், இல்லாட்டி வெறுமையாய் விடுகினம்.

ஐந்தாம் வகுப்பில் 31 பிள்ளைகள், மழைக்கு ஒழுகிற கூரை, மாதக்கணக்காய்க் காத்திருக்கிற உளவியல் மதிப்பீடு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. இதில் எது ட்ரஸ்டியின் வேலை, எது அதிபரின் வேலை, எது மாகாண அரசின் வேலை? 2025 ஜூனில் மாகாணக் கல்வி அமைச்சர் போட்ட மேற்பார்வையாளர் வந்த பிறகு சபையிடம் என்ன மிச்சம்? ஒரு நகரத்துக் கல்விச் சபை எதை முதலாவதாய் வைக்க வேணும்? விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

#2 கணக்குப்பிள்ளை

காசில் இருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

1998 வரைக்கும் ரொறன்ரோ, நோர்த் யோர்க், ஸ்காபரோ, எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் எண்டு ஆறு சபைகளும், அவற்றுக்கு மேலே மெற்றோ சபையும் இருந்தன. வீட்டுவரியில் கல்விக்கு எவ்வளவு எண்டு அவையே தீர்மானிக்க முடிந்தது. 1997இல் வந்த சட்டங்கள் ரெண்டு காரியம் செய்தன. மாகாணத்தில் இருந்த 129 சபைகளை 72 ஆக்கின. வரி விதிக்கும் அதிகாரத்தைச் சபைகளிடம் இருந்து எடுத்து மாகாணத்திடம் கொடுத்தன. 1998 முதல் இயங்கிற இந்தப் பெரிய சபையால் ஒரு சதம் கூட வரி கூட்ட ஏலாது.

வீட்டுக்கான கல்வி வரி 2020 முதல் 0.153 வீதம். எம்பாக் (மாகாணத்தில் வீடுகளுக்கு வரி மதிப்புப் போடுகிற நிறுவனம்) போட்ட மதிப்பு 6 லட்சம் டொலர் எண்டால் வருசம் 918 டொலர். அந்தக் காசு நேரே உங்கட பாடசாலைக்குப் போகிறதில்லை. மாகாணம் ஒரு சூத்திரம் வைத்து, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஒவ்வொரு சபைக்கும் பங்கு பிரிக்கும். அந்த எண்ணிக்கை எடுக்கிறது ரெண்டு நாளில்: அக்டோபர் 31, மார்ச் 31.

ரொறன்ரோ சபையின் வருடச் செலவு 3 பில்லியனுக்கு மேல். அதில் ஐந்தில் நாலு பங்கு ஊழியர் சம்பளமும் சலுகைகளும். ஆசிரியர் சம்பளமோ மாகாண மட்ட ஒப்பந்தத்தில் முடிவாகிறது. அதனால் சபை உண்மையில் கை வைத்து நகர்த்தக்கூடிய பங்கு மிகச் சின்னது. "நான் வந்தால் எல்லாத்துக்கும் காசு தருவன்" எண்டு ஒரு வேட்பாளர் சொன்னால், எதைக் குறைத்து எண்டு கேளுங்கோ. பற்றாக்குறை வரவு செலவும் நினைத்தபடி போட ஏலாது. சேர்த்து வைத்த உபரியில் இருந்து, இயக்க வருமானத்தின் 1 வீதம் வரைதான். அதைத் தாண்டினால் அமைச்சரின் அனுமதி வேணும்.

#3 சட்டப்புத்தகம்

கணக்குப்பிள்ளை அண்ணை சொன்னதோட சேர்த்து அதிகாரத்தையும் பார்ப்பம்.

ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 169.1ஆம் பிரிவு சபையின் கடமையைச் சொல்லுது: மாணவர் அடைவும் நலமும், பாகுபாடில்லாத பாடசாலைச் சூழல், வளங்களைப் பொறுப்பாய்க் கையாளல், குறைந்தது மூன்று வருடத்துக்கான திட்டம். கல்விப் பணிப்பாளரை நியமிப்பதும் அவரின் வேலையை மதிப்பிடுவதும் சபைதான். 218.1ஆம் பிரிவு தனி அங்கத்தவரின் கடமை. அதில் பெற்றாரும் ஆதரவாளரும் சொல்கிறதைக் கேட்டு சபைக்குக் கொண்டுவருவது உண்டு. அன்றாட நிருவாகத்தைப் பணிப்பாளரிடம் விட வேணும் எண்டும் உண்டு. சபை பெரும்பான்மையாய் ஒரு முடிவு எடுத்தால், எதிர்த்து வாக்களித்தவரும் அதை நிறைவேற்ற ஒத்துழைக்க வேணும்.

ஆகவே 22 பேரில் ஒருவர் தனியாய் உங்கட அதிபரை மாற்ற ஏலாது, ஆசிரியரை நியமிக்க ஏலாது, பிள்ளைக்கு ஒரு இடம் பிடித்துத் தரவும் ஏலாது. அப்படித் தருவன் எண்டு சொல்கிறவர் சட்டத்துக்குப் புறம்பான வாக்குறுதி தருகிறார். 2015 யனவரியில் வந்த மார்கரெட் வில்சன் அறிக்கை இந்தச் சபையில் கண்ட முக்கிய கோளாறே இதுதான்: அங்கத்தவர்கள் பதவி உயர்விலும் அன்றாட வேலையிலும் கை வைத்தது, ஊழியர்கள் பயந்து வேலை செய்தது.

முறைப்பாட்டுக்கு சபை வைத்திருக்கிற படிவரிசை இது: வகுப்பாசிரியர், அதிபர், மேலாளர் எனப்படும் சுப்பரின்ரென்டன்ற், அதுக்குப் பிறகுதான் ட்ரஸ்டி. நேரே ட்ரஸ்டியிடம் போனால் மின்னஞ்சல் திரும்பவும் அதிபரிடமே வரும். ரெண்டு கிழமை வீண். ஒவ்வொரு படியிலும் திகதி போட்டு எழுத்தில் வையுங்கோ. ரெலிபோனில் பேசினால், "இன்று பேசியதன் சுருக்கம்" எண்டு அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கோ.

#4 மால்வேர்ன்_அக்கா

தம்பி, 31 பிள்ளைகள் எண்டு எழுதியிருந்தீர். வகுப்பு அளவு விதியைக் கிட்டப் பார்த்தால்தான் அது ஏன் நடக்குது எண்டு தெரியும்.

1 முதல் 3ஆம் வகுப்பு வரை: சபையின் 90 வீத வகுப்புகளில் 20க்கு மேல் போகக்கூடாது, எந்த வகுப்பும் 23ஐத் தாண்டக்கூடாது. 4 முதல் 8 வரை ஒரு வகுப்புக்கான உச்ச வரம்பு இல்லை. சபை முழுதுக்குமான சராசரி 24.5ஆக இருந்தால் போதும். ஒரு பாடசாலையில் 31, இன்னொரு பாடசாலையில் 18 எண்டால் சராசரி சரியாய் 24.5. சட்டப்படி அதில் குற்றம் இல்லை. பாலர் வகுப்பில் சராசரி 26, உச்சம் 29, பத்தில் ஒரு வகுப்பு விசேட காரணத்துக்கு 32 வரை. பாலர் வகுப்பில் 16 பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஆசிரியரோட ஒரு ஈசீஈ, அதாவது சிறுபிள்ளைக் கல்வியாளர், வருவார். 15 எண்டால் ஆசிரியர் மட்டும் போதும் எண்டு விதி.

அடுத்தது கலப்பு வகுப்பு. ரெண்டாம் வகுப்பில் 44 பிள்ளைகள் எண்டு வையுங்கோ. 22, 22 எண்டு பிரித்தால் 23க்குள்தான், ஆனால் ரெண்டு வகுப்பும் 20ஐத் தாண்டுது. மூன்றாய்ப் பிரிக்க இன்னொரு ஆசிரியர் வேணும். அதனால் அதிபர் 20, 20 எண்டு போட்டு மிச்ச நாலு பேரை முதலாம் அல்லது மூன்றாம் வகுப்போட சேர்ப்பார். பிள்ளை கெட்டித்தனம் குறைவு எண்டு யாரும் முடிவு செய்து சேர்க்கிறதில்லை.

இது நடக்கிறது செப்டெம்பர் நடுப்பகுதியில். மாசி, பங்குனியில் போட்ட மதிப்பீட்டை வைத்துத்தான் பாடசாலைக்கு ஆசிரியர் ஒதுக்குகினம். செப்டெம்பரில் உண்மையில் எத்தனை பேர் வந்தினம் எண்டு எண்ணிப் பார்த்து மாற்றுவினம். எங்கட சனத்தில் கனபேர் பாலர் வகுப்புப் பிள்ளையை ஓகஸ்ற் கடைசியில் பதிகினம். தை, மாசியில் பதிந்திருந்தால் அந்தப் பிள்ளை மதிப்பீட்டில் ஏறியிருக்கும், ஆசிரியர் முன்னமே ஒதுக்கியிருப்பினம். பிந்திப் பதிகிறதால் செப்டெம்பர் மூன்றாம் கிழமை நாலு வயதுப் பிள்ளை ஒரு ரீச்சரோட பழகின பிறகு வகுப்பு மாறுது. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று, குடிவரவு நிலைச் சான்று எல்லாத்தையும் மார்கழியிலேயே எடுத்து வையுங்கோ.

#5 பனங்கூடல்

எனக்குக் கட்டடம்தான் முதலாவது. அக்கா கோவிக்கக் கூடாது.

இந்தச் சபையிடம் ஏறக்குறைய 580 பாடசாலைகள். கனக்க 1950, 60களில் எழும்பின கட்டடம். தேங்கிப்போன திருத்த வேலையின் பெறுமதி 4 பில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. கொதிகலன் ஒரு தை மாதக் காலையில் நின்றால் அன்றைக்கு வாசிப்பும் இல்லை, கணக்கும் இல்லை.

திருத்தக் காசு வாற முக்கிய நிதி ஒன்றுக்கு 70/30 விதி இருக்கு. 70 வீதம் அத்திவாரம், சுவர், கூரை, யன்னல், சூடாக்கி, குழாய், மின்சாரம் போன்ற கட்டடத்தின் பெரிய பாகங்களுக்கே போக வேணும். உட்புறத்துக்கும் வெளி வளவுக்கும் 30 வீதம்தான். "விளையாட்டு முற்றத்தின் தார் வெடிச்சுப் போய்க் கிடக்கு, ஏன் போடேல்லை" எண்டு கேட்கிற பெற்றாருக்கு இதுதான் பதில். அதே நேரம், கூரை ஒழுகுது எண்டால் அதுக்குக் கேட்க உரிமை இருக்கு, நிதியும் இருக்கு. வரிசையில் எத்தனையாவது இடம் எண்டதுதான் கேள்வி. கூட்டத்தில் "எப்ப திருத்துவியள்" எண்டு கேட்டால் "திட்டத்தில் இருக்கு" எண்டு முடிஞ்சிடும். "எங்கட பாடசாலையின் கட்டட நிலைச் சுட்டெண் என்ன, கூரை எந்த வருசத் திட்டத்தில் இருக்கு" எண்டு கேளுங்கோ. சுட்டெண் எழுத்தில் இருக்கிற விசயம், தட்டிக் கழிக்க ஏலாது.

இன்னொன்று, புதுக் கொண்டோக்கள். மாகாணத்தில் வேற பல கல்விச் சபைகள் புதுக் கட்டடக்காரரிடம் கல்வி அபிவிருத்திக் கட்டணம் எடுத்துக் காணி வாங்கும். ரொறன்ரோ பொதுச் சபைக்கு அந்த உரிமை கிடைக்கேல்லை. நகரம் முழுதும் சேர்த்துப் பார்த்தால் வெற்றிடம் கூட எண்டது காரணம். ஒரு மூலையில் பாதி வெறுமையான பாடசாலை, இன்னொரு மூலையில் போர்ட்டபிள் எனப்படும் தற்காலிக வகுப்பறைகளின் நிரை. வெறுமையானதை மூடிக் காணியை வித்து மற்றதைத் திருத்தவும் வழியில்லை: 2017 முதல் பாடசாலை மூடும் ஆய்வுக்கு மாகாணத் தடை. ஒரு ட்ரஸ்டி எவ்வளவு நல்லவராய் இருந்தாலும் இந்த முடிச்சு மாகாண சட்டசபை இருக்கிற குயின்ஸ் பார்க்கில்தான் அவிழும். அதனால் மாகாணத் தேர்தலிலும் இதைக் கேளுங்கோ.

#6 மால்வேர்ன்_அக்கா

பனங்கூடல், கோவம் ஒண்டும் இல்லை. ஆனால் கட்டடம் பத்து வருசம் பிந்தினாலும் திருத்தலாம். ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பு முடியுமுன் வாசிக்கப் பழகாமல் போனால் பிறகு பிடிக்கிறது பெரும்பாடு. சபையின் முதலாம் இடம் வாசிப்புக்குத்தான் எண்டு நான் நிற்கிறன்.

ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2022 பெப்ரவரியில் வாசிக்கும் உரிமை பற்றி ஒரு பெரிய அறிக்கை விட்டது. படத்தையும் சந்தர்ப்பத்தையும் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழக்குகிற முறையை நிறுத்தி, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாய்ச் சொல்லிக் குடுக்க வேணும் எண்டது அதின் சாரம். 2023 செப்டெம்பரில் மொழிப் பாடத்திட்டம் மாறினது. இப்ப ரெண்டாம் வருடப் பாலர் வகுப்பு முதல் 2ஆம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைக்கும் வாசிப்புப் பரிசோதனை கட்டாயம்.

அதிபரிடமும் சபையிடமும் கேட்க வேண்டியது: எந்தக் கருவியால் சோதிச்சனியள், எந்தத் திகதி, என்ர பிள்ளை எல்லைக்கோட்டுக்கு மேலேயா கீழேயா, கீழே எண்டால் கிழமையில் எத்தனை தரம், எத்தனை நிமிடம், யார் உதவி செய்யினம், திரும்ப எப்ப சோதிப்பியள். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்" எண்டது பதில் இல்லை.

எங்கட வீடுகளுக்கு முக்கியமான ஒன்று. "வீட்டில் தமிழ் கதைக்கிறதால்தான் பிந்துது, ஆங்கிலம் வந்தால் சரியாயிடும்" எண்டு சொல்லி உதவியைத் தள்ளிப் போடுகிறது பிழை. வேற மொழி பேசுகிற பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே நேரத்தோட உதவி குடுக்க வேணும். தமிழை நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டாதேங்கோ. பிள்ளை அம்மம்மாவோட தமிழில் கதை கேட்கிறது அதின் சொல்வளத்துக்கு உரம்.

#7 சட்டப்புத்தகம்

விசேட கல்வியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. காலக்கெடு தெரியாததால் பெற்றார் தோற்கிற இடம் இது.

உளவியல் மதிப்பீடு வேற, விசேட கல்வி தேவைப்படுகிற பிள்ளையை இனங்கண்டு இடம் தீர்மானிக்கிற ஐபிஆர்சி எனப்படும் இனங்காணல் குழு வேற. மதிப்பீட்டுக்கு நீண்ட வரிசை இருக்கும். ஆனால் ஐபிஆர்சிக்குப் பெற்றார் எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்க ஏலாது. கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் கிடைத்தது எண்டு அறிவித்து, பெற்றார் கையேட்டைத் தந்து, கூட்டம் எப்ப எண்டு எழுத வேணும். கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன் அறிவித்தல் வரும். மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டால் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கோ, துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகவும் உரிமை உண்டு. முடிவு பிடிக்காட்டி 15 நாளுக்குள் ரெண்டாவது கூட்டம் கேட்கலாம், அல்லது 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். பிள்ளையை ஒரு இடத்தில் சேர்த்து 30 பாடசாலை நாளுக்குள் ஐஈபி எனப்படும் தனித் திட்டம் தயாராக வேணும்.

அடிக்கடி நடக்கிற பிழை: "கதைச்சனாங்கள், பார்க்கிறம் எண்டு சொன்னவை" எண்டு ஒரு வருசம் போயிருக்கும். வாயால் கேட்டதுக்கு 15 நாள் கணக்கே தொடங்காது. ரெண்டு வரிக் கடிதம் போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, "ஐபிஆர்சிக்கு அனுப்பும்படி கேட்கிறேன்", திகதி, கையெழுத்து. ஒரு பிரதி உங்களிடம்.

#8 கணக்குப்பிள்ளை

அக்காவின் வாசிப்பும் பனங்கூடலின் கூரையும் ஒரே காசுக்குச் சண்டை பிடிக்கிறதில்லை எண்டதையும் சொல்ல வேணும். திருத்த நிதியில் ஆசிரியரை எடுக்க ஏலாது. வாசிப்போட உண்மையில் போட்டி போடுகிறது இயக்கச் செலவில் இருக்கிற மற்றதுகள்: நீச்சல் தடாகம், நூலகர், துணை அதிபர், பாதுகாப்புக் கண்காணிப்பாளர், வெளிக்கள நிலையங்கள், விசேட கல்விக்கு மாகாணம் தாறதுக்கு மேலாய்ச் சபை போடுகிற காசு. வரவு செலவு வருசம் செப்டெம்பர் 1 முதல் ஓகஸ்ற் 31. சபை மதிப்பீட்டை ஜூன் கடைசிக்குள் அமைச்சுக்குக் குடுக்க வேணும். எது வெட்டுப்படும் எண்ட கதை தொடங்குகிறது மாசி, பங்குனியில். ஜூனில் பதாகை பிடிச்சால் பிந்திப் போச்சு, ஏனெண்டால் ஆசிரியர் ஒதுக்கீடு வசந்தகாலத்திலேயே முடிஞ்சிடும்.

வாசிப்பு முதலாவது எண்டதில் நான் அக்காவின் பக்கம். ஒரு சபைக்குக் கட்டுப்பாடு கொஞ்சம் உள்ள இடமும், பிள்ளைக்குப் பலன் கூடின இடமும் அதுதான்.

#9 யாழ்_நூலகம்

தமிழ் வகுப்புக்குச் சுருக்கமாய்: ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு சர்வதேச மொழித் திட்டம் இருக்கு. அது பெற்றார் கேட்டுப் பதிகிற எண்ணிக்கையில் நிற்கிற திட்டம், எண்ணிக்கை குறைந்தால் அந்த இடத்தில் வகுப்பு மூடுப்படும். பதிந்துவிட்டு மூன்று கிழமையில் நிப்பாட்டினால் மற்றப் பிள்ளைகளின் வகுப்பும் ஆட்டம் காணும். உயர்நிலைப் பாடசாலையில் எடுக்கிற தமிழ்ப் பாடம் டிப்ளோமாவுக்குத் தேவையான 30 கிரெடிட்டில் சேரும், அதைப் பத்தாம் வகுப்பிலேயே திட்டமிடுங்கோ.

#10 மோர்னிங்சைட்_வாசி

எல்லாருக்கும் பெரிய நன்றி. மேற்பார்வையாளர் இருக்கிற நேரம் இதையெல்லாம் எங்க கொண்டு போறது? ட்ரஸ்டிக்கு அதிகாரமே இல்லாட்டி வாக்குப் போட்டு என்ன?

#11 சட்டப்புத்தகம்

2025 ஜூன் 27 அன்று அமைச்சர் நாலு சபைகளை மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தார்: ரொறன்ரோ பொதுச் சபை, ரொறன்ரோ கத்தோலிக்கச் சபை, ஒட்டாவா பொதுச் சபை, டஃபரின் பீல் கத்தோலிக்கச் சபை. ரொறன்ரோவுக்கு இது முதல் தரம் இல்லை. 2002 ஓகஸ்டில் சபை மாகாணம் கேட்டபடி வரவு செலவைச் சமன்படுத்த மறுத்தபோதும் மேற்பார்வையாளர் போடப்பட்டார், பிறகு அதிகாரம் தேர்ந்தெடுத்த ஆக்களிடம் திரும்பி வந்தது. மேற்பார்வையில் சபையின் தீர்மானங்களை மேற்பார்வையாளர் எடுப்பார். அவருக்குப் பொறுப்பு அமைச்சரிடம், வாக்காளரிடம் இல்லை. மழைக்கு ஒழுகிற கூரைக்குக் கீழே இருக்கிற வகுப்பை வந்து பார்க்கிற கடமை உள்ள ஒருவரை நாங்கள் தெரிவு செய்வது முக்கியம் எண்டு நான் நினைக்கிறது இதால்தான்.

ஆனால் ரெண்டு கதவு மூடேல்லை. ஒன்று பாடசாலைப் பெற்றார் சபை, ஸ்கூல் கவுன்சில். அது மாகாண ஒழுங்குவிதியில் வாறது, மேற்பார்வையாளரின் தயவில் இல்லை. பாடசாலை தொடங்கி 30 நாளுக்குள் தெரிவு, 35 நாளுக்குள் முதல் கூட்டம், வருசம் குறைந்தது நாலு கூட்டம். பெற்றார் பெரும்பான்மையாய் இருக்க வேணும், தலைவர் பெற்றாரில் ஒருவர், அதிபருக்கு வாக்கு இல்லை. பாதிக்கு மேற்பட்ட அங்கத்தவர் வந்து, வந்தவர்களில் பெற்றார் கூட இருந்தால்தான் கூட்டம் செல்லும். கவுன்சில் ஒரு பரிந்துரையை எழுத்தில் அனுப்பினால், அதை ஆராய்ந்து என்ன செய்தோம் எண்டு பதில் சொல்வது அதைப் பெற்ற அதிபரின் அல்லது சபையின் கடமை. கன இடங்களில் கவுன்சில் பீட்சா வித்துக் காசு சேர்க்கிறதோட முடிஞ்சு போகுது. "வாசிப்பு உதவி கிழமைக்கு எத்தனை நிமிடம் எண்டு அறியத் தரவும்" எண்டு ஒரு தீர்மானம் குறிப்பேட்டில் ஏறினால் அதுக்குப் பதில் வர வேணும்.

மற்றது விசேட கல்வி ஆலோசனைக் குழு. அதுவும் சட்டத்தால் கட்டாயம்.

#12 பனங்கூடல்

வாக்கைப் பற்றி ஒரு கடைசிக் குறிப்பு. ஒன்ராறியோவில் நாலு பொதுநிதிக் கல்வி முறை: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க. நீங்கள் எதுக்கு ஆதரவாளராய்ப் பதிவோ அந்த ட்ரஸ்டியின் பட்டியல்தான் உங்கட சீட்டில் வரும். ஒண்டும் குறிப்பிடாட்டி ஆங்கிலப் பொதுச் சபையில் விழும். எங்கட கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளையைக் கத்தோலிக்கப் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டு, பதிவு பொதுச் சபையில் கிடக்கிறது உண்டு. வாடகைக்கு இருக்கிறவைக்கும் வாக்கு உண்டு, கனடாக் குடியுரிமையும் 18 வயதும் இருந்தால் சரி. 2024 முதல் வாக்காளர் பட்டியல் எலெக்‌ஷன்ஸ் ஒன்ராறியோவிடம். அங்கே பெயர், முகவரி, பாடசாலை ஆதரவு மூன்றையும் ஒரே இருப்பில் சரிபார்க்கலாம். வீடு மாறினவை முதலில் அதைச் செய்யுங்கோ.